குறைந்த அளவு ரசாயனமும் ஹார்மோனும்: ஒரு கணினி மாதிரி கட்டிய ஐந்து மாதக் குறிப்புகள்

ஐந்து மாதமாக மாலை வேளைகளில் எழுதி, அழித்து, மறுபடி எழுதிய நிரல் போன வாரம் ஒருவழியாக ஒழுங்காக ஓடியது. நான் ஆசைப்பட்ட விடையை அது தரவில்லை. ஆனால் எந்த எண்ணைத் தொட்டால் எது அசைகிறது, ஏன் அசைகிறது என்று இப்போது என்னால் சொல்ல முடிகிறது. நினைவு மங்குவதற்குள் எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு, நான் தொலைத்த வாரங்களில் ஒன்றிரண்டாவது மிச்சமாகட்டும்.

வேலை இதுதான்: ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடும் ஒரு ரசாயனம் மிகக் குறைந்த அளவில் உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்பது. எடுத்துக்கொண்டது பிஸ்பீனால் ஏ. பிளாஸ்டிக்கிலும் டின் உள்பூச்சிலும் இருந்த இது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போல நடந்துகொள்ளும் என்று சார்லஸ் டாட்ஸ் 1936லேயே காட்டிவிட்டார். என்னைத் தூண்டியது ஒரு வரம்பு எண். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் இதற்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 மைக்ரோகிராம் என்று தற்காலிக வரம்பு வைத்தது. 2023இல் அதையே 0.2 நானோகிராமாகக் குறைத்தது. இருபதாயிரம் மடங்கு குறைவு. அதே ஆண்டு ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் தனியாகக் கணக்குப் போட்டு 200 நானோகிராம் என்றது. ஒரே ரசாயனத்துக்கு ஒரே ஆண்டில் வந்த இரண்டு வரம்புகளுக்கு நடுவில் ஆயிரம் மடங்கு இடைவெளி. இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று நானே கணக்குப் போட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும் போல் இருந்தது.

கைவசம் இருந்தவை எட்டு வருடப் பழைய மடிக்கணினி, ஒரு விரிதாள் மென்பொருள், அப்புறம் பைத்தான் என்ற நிரல் மொழி, அதோடு சேர்ந்த நம்பை, சைபை நூலகங்கள். மென்பொருள் எல்லாமே இலவசம். செலவு என்றால் நேரம்தான். குறிப்பேட்டில் எழுதி வைத்ததைக் கூட்டினால் 130 மணி நேரம் சொச்சம் வருகிறது. அதில் பாதிக்கு மேல் தப்பைத் தேடியதிலேயே போனது.

முதலில் விரிதாளில் ஆரம்பித்தேன். ஒரு வரிசைக்கு ஒரு மணி நேரம். ரத்தத்தில் ரசாயனம் எவ்வளவு, ஏற்பியில் (ஹார்மோன் வந்து ஒட்டும் செல்லின் புரதம்) ஒட்டியது எவ்வளவு, கழன்றது எவ்வளவு என்று மூன்று பத்திகள். ஏற்பியில் ஒட்டிய மூலக்கூறு மணிக்கு 3 என்ற விகிதத்தில் கழன்று விழும் என்று வைத்திருந்தேன். இழுத்து நிரப்பியதும் வந்த எண்கள் இவை: 100, அடுத்த வரியில் மைனஸ் 200, அதற்கடுத்து 400, பிறகு மைனஸ் 800. செறிவு எப்படி மைனஸில் போகும்? சூத்திரத்தில்தான் பிழை என்று இரண்டு நாள் தேடினேன். சூத்திரம் சரியாகத்தான் இருந்தது. விகிதத்தையும் படியின் நீளத்தையும் (ஒரு வரிசைக்கு ஒரு மணி நேரம்) பெருக்கினால் 2ஐத் தாண்டிவிட்டது. இந்த எளிய முறையில் அது தாண்டினால் கணக்கு ஊஞ்சல் மாதிரி இரண்டு பக்கமும் எகிறிக்கொண்டே போகும். படியை 3 நிமிடமாகக் குறைத்ததும் அடங்கியது. ஆனால் பத்து நாளைக்கு ஓட்ட 4,800 வரிசை ஆனது. கோப்பைத் திறக்கவே நேரம் பிடித்தது. அத்துடன் விரிதாளை மூடிவிட்டுப் பைத்தானுக்கு மாறினேன்.

இரண்டாவது கட்டத்தில்தான் பெரிய தப்பு நடந்தது. கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் சாப்பிட்டால் ரத்தத்தில் எவ்வளவு இருக்கும்? உடம்பில் கிலோவுக்குச் சுமார் 0.6 லிட்டர் தண்ணீர். 100ஐ 0.6ஆல் வகுத்தால் லிட்டருக்கு 167 மைக்ரோகிராம். மூலக்கூறு எடை 228.3ஆல் வகுத்தால் 730 நானோமோலார் (ஒரு லிட்டரில் எத்தனை மூலக்கூறுகள் என்று சொல்லும் அலகு). இந்த எண்ணை அப்படியே ஏற்பிக்குக் கொடுத்தேன். வரைபடத்தில் ஏற்பிகள் கிட்டத்தட்ட பாதி நிரம்பின. பார்க்கவே பயமாக இருந்தது. மூன்று வாரம் அந்த எண்ணை நம்பித்தான் மேலே கட்டிக்கொண்டு போனேன்.

அதை உடைத்தது 2015இல் வெளியான ஒரு மனித ஆய்வு. தன்னார்வலர்களுக்கு இதே கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் அளவை பிஸ்கட்டில் கலந்து கொடுத்து, அடிக்கடி ரத்தம் எடுத்து அளந்திருந்தார்கள். டியூட்டீரியம் (எடை கூடிய ஹைட்ரஜன்) அடையாளம் ஏற்றிய பிஸ்பீனால் ஏ என்பதால், வேறு வழியாக உடம்புக்குள் வந்தது இதில் கலந்துவிடாது. மொத்த அளவு உச்சத்தில் மில்லிலிட்டருக்குச் சுமார் 390 நானோகிராம். அதில் உருமாறாமல் அப்படியே இருந்தது வெறும் 1.5 நானோகிராம், அதாவது சுமார் 6.5 நானோமோலார். நான் போட்டது 730. நூறு மடங்குக்கு மேல் கூடுதல். வித்தியாசத்துக்குக் காரணம் கல்லீரல். குடலிலிருந்து வரும் ரசாயனத்தின் மேல் கல்லீரல் ஒரு சர்க்கரை அமிலத்தைக் கட்டிவிடுகிறது. கட்டிய வடிவம் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் ஒட்டாமல் சிறுநீர் வழியாகப் போய்விடுகிறது. அரை ஆயுளே சுமார் ஆறு மணி நேரம்தான்.

சரி, 6.5ஐப் போட்டேன். அதிலும் ஒரு பொறி இருந்தது. ஆய்வுகளில் ‘சுதந்திரமான’ என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளில் எழுதுகிறார்கள். கல்லீரல் எதையும் கட்டாதது என்று ஒரு பொருள். ரத்தத்தில் உள்ள புரதத்தோடு ஒட்டாதது என்று இன்னொரு பொருள். கல்லீரல் கட்டாததிலும் பெரும்பகுதி புரதத்தோடு ஒட்டித்தான் திரிகிறது. செல்லுக்குள் நுழையக் கூடியது அதில் சுமார் 6 சதவீதம் என்று வைத்தால் மிஞ்சுவது 0.39 நானோமோலார். ஆரம்பத்தில் போட்ட 730க்கும் இதற்கும் கிட்டத்தட்ட 1,900 மடங்கு. இந்த இரண்டு படிகளையும் குறிப்பேட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது கட்டத்தில் நான் மிகவும் சந்தோஷப்பட்ட ஒரு இரவு உண்டு. அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போனபோது, ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத இடத்தில் விளைவுக் கோடு திடீரென்று ஒரு சின்ன மேடாக எழும்பி, மறுபடி இறங்கியது. குறைந்த அளவில் கூடுதல் விளைவு! இந்தத் துறையில் வருடக்கணக்காகச் சண்டை நடப்பதே இந்த மேட்டைப் பற்றித்தான். என் திரையில் அது தானாக வந்து நின்றது.

மறுநாள் நிதானமாக உட்கார்ந்து, சமன்பாட்டைத் தீர்க்கும் முறையை மட்டும் மாற்றி ஓட்டினேன். மேடு இடம் மாறியது. இன்னொரு முறையைப் போட்டதும் காணாமலே போனது. உடம்பில் இருக்கும் மேடு என்றால் நான் கணக்கைத் தீர்க்கும் வழியை மாற்றினால் நகரக் கூடாது. காரணத்தைப் பிடிக்க மூன்று மாலை ஆனது. சைபையின் தீர்ப்பான், நாம் எதுவும் சொல்லாவிட்டால், 0.000001க்குக் கீழான பிழையைக் கண்டுகொள்ளாது. நான் செறிவுகளை மோலாரில் கொடுத்திருந்தேன். ஒரு நானோமோலார் என்பது 0.000000001. அதாவது என் எண்கள் அனைத்தும் அது ‘கண்டுகொள்ள வேண்டாம்’ என்று ஒதுக்கும் எல்லைக்குக் கீழேயே இருந்தன. அங்கே அது எதை எழுதினாலும் அதன் கணக்கில் சரிதான். என் மேடு வெறும் கணக்குக் குப்பை.

அலகைப் பிகோமோலாருக்கு மாற்றினேன். பிழை எல்லையை மிகச் சிறிய எண்ணாகக் கையால் கொடுத்தேன். ஏற்பியில் ஒட்டுவதும் கழல்வதும் மற்றவற்றைவிட மிக வேகமாக நடப்பதால் அதைத் தனிச் சமன்பாடாக ஓட்டாமல், உடனுக்குடன் சமநிலைக்கு வந்துவிடும் என்று நேர் சூத்திரமாக எழுதினேன். இதனால் வேகமும் கூடியது. முன்பு நாற்பது நிமிடம் எடுத்த ஓட்டம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, உள்ளே மிச்சம் எவ்வளவு என்று ஒவ்வொரு படியிலும் கூட்டிப் பார்க்கும் ஒரு வரியையும் சேர்த்தேன். முதல் நாளே எழுதியிருக்க வேண்டிய வரி அது.

இனி ஒரு மேடு வந்தால் அது உண்மையாக இருக்க வேண்டும் என்ற நம்பிக்கையோடு நான்காவது கட்டத்துக்குப் போனேன். ஹார்மோன் ஒட்டிய ஏற்பியைச் செல் சீக்கிரம் அழித்துவிடும். அளவு கூடினால் ஏற்பிகள் குறையும், ஏற்பிகள் குறைந்தால் விளைவு இறங்கும், ஆகவே மேடு வரும் என்று நினைத்தேன். அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. லியூப்ரோலைடு என்ற மருந்து மூளையிலிருந்து வரும் ஒரு ஹார்மோனின் நகல். அந்த ஹார்மோன் விட்டு விட்டு வந்தால் இனப்பெருக்க ஹார்மோன்கள் ஏறும். அதன் நகலை இடைவிடாமல் கொடுத்தால் இறங்கும். ஒரே வேலையைச் செய்யும் மூலக்கூறு எதிர்த்திசையில் இழுப்பது மருத்துவத்தில் அன்றாடம் பயன்படும் விஷயம்.

காலி ஏற்பி மணிக்கு 0.1 விகிதத்திலும் ஒட்டிய ஏற்பி மணிக்கு 1 விகிதத்திலும் அழியட்டும் என்று வைத்து, மூன்றாம் மணி நேரத்தில் அளந்தேன். ஏற்பிகளில் பாதி நிரம்பும் அளவில் விளைவு 0.17. கிட்டத்தட்ட முழுவதும் நிரம்பும் அளவில் சுமார் 0.145. மேடு வந்துவிட்டது. தீர்க்கும் முறையை மாற்றினேன், அசையவில்லை. அலகை மாற்றினேன், அசையவில்லை. பிறகு ஓட்டத்தை 48 மணி நேரத்துக்கு நீட்டினேன். பாதி நிரம்பியதில் 0.091, முழுவதும் நிரம்பியதில் 0.100. மேடு போய்விட்டது.

தாளை எடுத்துக் கையால் போட்டபோதுதான் புரிந்தது. நிரம்பிய பங்கு எவ்வளவோ அதை, ஒன்றோடு அந்தப் பங்கின் ஒன்பது மடங்கைக் கூட்டி வகுத்தால் கடைசியில் நிலைக்கும் விளைவு கிடைக்கும். பங்கு ஏற ஏற இது ஏறிக்கொண்டேதான் இருக்கும். தட்டையாகுமே தவிர, இறங்காது. ஏற்பி அழிவு மட்டும் இருந்தால் நிரந்தர மேடு கிடைக்காது. லியூப்ரோலைடில் நடப்பது என் சமன்பாட்டில் இல்லாத வேறு வேலைகளாலும்தான். ஆனாலும் மூன்றாம் மணி நேர மேடு பொய் இல்லை. அந்த நேரத்தில் அளக்கும் எவருக்கும் அது நிஜமாகவே தெரியும். எந்த நேரத்தில் அளந்தார்கள் என்று பார்க்காமல் இரண்டு ஆய்வுகளை ஒப்பிடக் கூடாது என்று அன்றைக்குக் குறிப்பேட்டில் எழுதினேன். இன்னும் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இங்கே ஒரு மாதம் வேலை நின்றது. வளைவுகளை எல்லாம் ஒரு தோழியிடம் காட்டினேன். செல் வளர்க்கும் ஆய்வகத்தில் பல வருடமாக வேலை பார்க்கிறவள். முதல் படத்தைப் பார்த்ததும் கேட்டாள்: “ஏன் எல்லாக் கோடும் சைபர்லேர்ந்து ஆரம்பிக்குது?” ரசாயனம் இல்லாதபோது விளைவும் இல்லைதானே என்றேன். “உடம்பு எப்ப சைபர்ல இருந்திருக்கு? எங்க தட்டுலகூட சைபர் கெடையாது. அதுக்கே நாங்க படாத பாடு படுறோம்” என்றாள்.

அப்புறம் அவள் சொன்னவை ஒவ்வொன்றும் எனக்குப் புதிது. செல் வளர்க்கும் திரவத்துக்கு நிறம் தரும் பீனால் ரெட் சாயமே லேசான ஈஸ்ட்ரோஜன் வேலை செய்கிறது என்று 1986இல் கண்டுபிடித்தார்கள். அதுவரை அந்தச் சாயத்தோடுதான் சோதனைகள் நடந்துகொண்டிருந்தன. 1991இல் வெளியான ஒரு ஆய்வின்படி, ஒரு ஆய்வகத்தில் மார்பகப் புற்றுச் செல்கள் ஹார்மோன் கொடுக்காமலேயே பெருகின. பார்த்தால், சோதனைக் குழாயின் பிளாஸ்டிக்கிலிருந்து நோனைல்பீனால் கசிந்திருக்கிறது. 1993இல் பாலிகார்பனேட் குடுவையை நீராவியில் கிருமி நீக்கியபோது பிஸ்பீனால் ஏ கசிவதை இன்னொரு குழு கண்டது. 1998இல் பாட்ரிசியா ஹன்ட்டின் ஆய்வகத்தில், எதுவும் கொடுக்காத எலிகளின் கருமுட்டைகளிலேயே திடீரென்று கோளாறுகள் பெருகின. கடுமையான சோப்பில் கழுவிய பிளாஸ்டிக் கூண்டுகள் அரித்து ரசாயனத்தை விட்டிருக்கின்றன. ‘எதுவும் கொடுக்காத’ என்று பெயர் வைத்த தட்டிலும் கூண்டிலும் ஏதோ ஒன்று ஏற்கெனவே இருந்துகொண்டிருந்தது.

அன்று இரவே நிரலின் தொடக்க வரியை மாற்றினேன். ரசாயனம் வருவதற்கு முன் உடம்பில் எஸ்ட்ராடையால் (உடம்பே சுரக்கும் முக்கிய ஈஸ்ட்ரோஜன்) எவ்வளவு இருக்கிறதோ அதிலிருந்து கணக்கு ஆரம்பிக்கட்டும். இந்த ஒரு வரிதான் முழு வேலையையும் திருப்பியது.

எண்களைச் சொல்கிறேன். எஸ்ட்ராடையால் தன் ஏற்பிகளில் பாதியை நிரப்பச் சுமார் 0.1 நானோமோலார் போதும் என்று வைத்தேன். பிஸ்பீனால் ஏ அதைவிட ஆயிரம் முதல் பத்தாயிரம் மடங்கு பலவீனமாக ஒட்டும். நான் பத்தாயிரத்தை எடுத்துக்கொண்டேன், அதாவது பாதி நிரப்ப 1,000 நானோமோலார் வேண்டும். வளர்ந்த பெண்ணின் ரத்தத்தில் எஸ்ட்ராடையால் மில்லிலிட்டருக்கு 100 பிகோகிராம் என்று வைப்போம். அதில் புரதத்தோடு ஒட்டாமல் இருப்பது 2 சதவீதம். ஏற்பிகளில் 6.84 சதவீதம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். இதன் மேல் அந்த 0.39 நானோமோலார் பிஸ்பீனால் ஏ வந்தால் 6.87 ஆகும். இருந்ததில் அரை சதவீத ஏற்றம். ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம்.

இப்போது பருவம் எய்தாத ஒரு குழந்தை. எஸ்ட்ராடையால் மில்லிலிட்டருக்கு 5 பிகோகிராம் என்று வைத்தேன். மற்ற எண்கள் எதையும் தொடவில்லை. ஏற்பிகளில் நிரம்பியிருப்பது 0.366 சதவீதம். அதே ரசாயனம் அதே அளவில் வந்ததும் 0.404. பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றம்! ரசாயனம் மாறவில்லை, ஏற்பி மாறவில்லை, அளவு மாறவில்லை. அது வந்து சேரும்போது உடம்பு எந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தது என்பது மட்டும் மாறியது. இருபது மடங்கு வித்தியாசம் அதிலிருந்து மட்டுமே வந்தது. திரையில் இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். (குழந்தைகளில் ஹார்மோனைப் பிடித்து வைக்கும் புரதம் கூடுதலாக இருக்கும், அதனால் அந்த 2 சதவீதம் உண்மையில் இன்னும் குறையும். அதை நான் இன்னும் சேர்க்கவில்லை.)

இதே காரணத்தால்தான் ‘இந்த அளவுக்குக் கீழே பாதிப்பே இல்லை’ என்ற படி என் மாதிரியில் நிற்க மறுத்தது. வேண்டுமென்றே ஒரு படியை வைத்துப் பார்த்தேன். உடம்பின் சொந்த ஹார்மோன் ஏற்கெனவே அந்தப் படியைத் தாண்டி நிற்கிறது, அதனால் மேலே வரும் ஒவ்வொரு மூலக்கூறும் நேராக விளைவில் போய்ச் சேர்கிறது. 1999இல் ஆமை முட்டைகளில் எஸ்ட்ராடையால் தடவி, எத்தனை குஞ்சுகள் பெண்ணாகின்றன என்று எண்ணிய ஒரு பெரிய சோதனையிலும் அப்படிப்பட்ட அடிமட்ட எல்லை தென்படவில்லை.

ஆனால் இந்த இடத்தில் என்னிடமே நான் நேர்மையாக இருக்க வேண்டியிருந்தது. கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் என்பது மிகப் பெரிய அளவு. சாதாரணமாக ஒருவர் உடம்புக்குள் போவது 1 மைக்ரோகிராமுக்கும் கீழே. அந்த 1ஐப் போட்டதும் எல்லாம் நூறில் ஒன்றாகச் சுருங்கியது. குழந்தைக் கணக்கில் ஏற்றம் 0.1 சதவீதம். இந்த ஒரு ஏற்பியை மட்டும் வைத்து, விலங்குச் சோதனைகளில் சொல்லப்படும் குறைந்த அளவு விளைவுகளை என்னால் விளக்க முடியவில்லை. வேறு கதவுகளும் இருக்கின்றன. ஈஆர்ஆர் காமா என்ற இன்னொரு ஏற்பியில் பிஸ்பீனால் ஏ சுமார் 5.5 நானோமோலாரிலேயே பாதியை நிரப்பிவிடும் என்று 2006இல் அளந்திருக்கிறார்கள். அதைப் போட்டால் 100 மைக்ரோகிராமில் 6.6 சதவீதமும் 1 மைக்ரோகிராமில் 0.07 சதவீதமும் நிரம்புகிறது. அந்த ஏற்பி எதுவும் ஒட்டாமலேயே வேலை செய்யும் ரகம், அதனால் நிரம்புவதை அப்படியே விளைவு என்று படிக்கக் கூடாது. நஞ்சுக்கொடியிலும் கருவின் மூளையிலும் அது நிறைய இருக்கிறது என்பதால் நிரலில் விட்டு வைத்திருக்கிறேன்.

மேட்டுக்குத் திரும்பி வருகிறேன். நிரந்தரமான மேடு கடைசியில் கிடைத்தது, இரண்டு எதிர் வேலைகளைச் சேர்த்தபோது. குறைந்த செறிவிலேயே தொடங்கும் ஒரு தூண்டல், உயர்ந்த செறிவில் மட்டும் தொடங்கும் ஒரு தடை. செல்கள் ஹார்மோனால் பெருகுவதும் மிக அதிகமானால் அதே பொருளால் சாவதும் அந்த வகை. தூண்டலுக்குப் பாதிச் செறிவு (பாதி விளைவு தரும் செறிவு) 0.1, தடைக்கு 1,000 என்று வைத்தால் உச்சி சரியாக 10இல் வரும், உயரம் 0.98. முறையை மாற்றினாலும் நேரத்தை நீட்டினாலும் அது நின்றது.

கிளாரிட்டி என்ற பெயரில் அமெரிக்காவில் நடந்த பெரிய எலி ஆய்வில் ஐந்து அளவுகள் கொடுத்தார்கள்: கிலோவுக்கு 2.5, 25, 250, 2,500, 25,000 மைக்ரோகிராம். அந்தப் பத்து மடங்குப் படிக்கட்டின் வடிவத்தை மட்டும் எடுத்து என் வளைவின் மேல் வைத்தேன். முதல் படி 0.1இல் விழுந்தால் 0.5, 0.91, 0.98, 0.91, 0.5 என்று முழு மேடும் தெரிகிறது. முதல் படி 10இல் விழுந்தால் 0.98, 0.91, 0.5, 0.09, 0.01. வெறும் இறக்கம். இதைப் பார்க்கிறவர், ரசாயனம் கூடக் கூட வேலையை அடக்குகிறது என்று எழுதி முடித்துவிடுவார். கீழே ஒரு ஏற்றம் இருப்பது அவருக்குத் தெரியவே வாய்ப்பில்லை. மேலே மட்டும் சோதித்துவிட்டுக் கீழே கோட்டை நீட்டிப் பாதுகாப்பான அளவைச் சொல்வதில் எனக்கு இருந்த நம்பிக்கை அன்றைக்குப் போனது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தூண்டலையும் தடையையும் பத்து மடங்கு தூரத்தில் மட்டும் வைத்து, தடை விளைவில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் குறைக்கும் என்று வைத்தால் உச்சி 0.826, கடைசி மட்டம் 0.80. நிஜச் சோதனையில் பத்து சதவீதச் சிதறல் சாதாரணம். அதில் இந்த இறக்கம் கண்ணுக்கே தெரியாது. மேடு வர வேண்டும் என்றால் எண்களைத் தள்ளி வைத்து வரவழைக்கலாம், வேண்டாம் என்றால் ஒட்டி வைத்து மறைக்கலாம். அதனால் இப்போது எந்த வளைவைக் காட்டினாலும், அது எந்த எண்ணில் மறைகிறது என்பதையும் பக்கத்திலேயே வரைந்து வைக்கிறேன்.

கடைசிக் கட்டம் கலவை. இதற்கு ஒரு மாலைதான் ஆனது, ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தனித்தனியாகப் பார்த்தால் விளைவு தெரியாத அளவில் எட்டுப் பலவீனமான ஈஸ்ட்ரோஜன் ரசாயனங்களைச் சேர்த்தபோது தெளிவான விளைவு வந்தது என்று 2002இல் ஒரு குழு காட்டியது. அதையே என் நிரலில் செய்தேன். எட்டு ரசாயனங்கள், ஒவ்வொன்றும் தனியாக 1 சதவீத விளைவு தரும் அளவில். எட்டு சதவீதம் வரும் என்று எதிர்பார்த்தேன். வளைவின் சரிவு (எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்ற எண்) 1 என்று வைத்தபோது 7.5 வந்தது, சரி. சரிவை 2 ஆக்கியதும் 39 வந்தது. தப்பாக இருக்கும் என்று கையால் போட்டேன். ஒவ்வொன்றும் தன் பாதிச் செறிவில் பத்தில் ஒரு பங்கு. எட்டும் சேர்ந்தால் 0.8. அதன் வர்க்கம் 0.64. அதை 1.64ஆல் வகுத்தால் 0.39. சரிதான்.

எட்டாவதை மட்டும் தனியாக நீக்கிப் பார்த்தேன். ஏழு இருக்கும்போது 33. எட்டாவது வந்ததும் 39. தனியாக 1 சதவீதம் மட்டுமே காட்டிய அதே பொருள், மற்ற ஏழும் ஏற்கெனவே இருக்கும் உடம்பில் 6 சதவீதம் ஏற்றுகிறது. குழந்தைக் கணக்கில் பார்த்த விஷயமேதான் வேறு முகத்தோடு வந்து நின்றது. ரசாயனங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு வைப்பதில் எவ்வளவு விட்டுப்போகிறது என்பதை இதற்கு முன் நான் இவ்வளவு துல்லியமாக உணர்ந்ததில்லை.

என் மாதிரியால் முடியாதது ஒன்றையும் பதிய வேண்டும். 2023இல் வந்த 0.2 நானோகிராம் வரம்பு, எலிகளில் ஒரு வகை நோயெதிர்ப்புச் செல்கள் கூடியதை அடிப்படையாக வைத்தது. என் நிரலில் நோயெதிர்ப்புச் செல் என்று ஒன்றே கிடையாது. அந்த எண் சரியா தவறா என்று என் வளைவுகளை வைத்துப் பேசினால் அது அளவுக்கு மீறிய பேச்சு. கருவில் இருக்கும் சில வாரங்களில் மட்டும் திறந்து மூடும் வாய்ப்புகளும் இதில் இல்லை. டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் மருந்தைக் கர்ப்பத்தில் சாப்பிட்ட தாய்மார்களின் மகள்களுக்குப் பல வருடம் கழித்து அரிய புற்று வந்ததை 1971இல் கண்டார்கள். மருந்து உடம்பை விட்டுப் போய் எத்தனையோ காலம் ஆன பிறகு வந்த விளைவு அது. என் சமன்பாடுகளில் ரசாயனம் போனதும் எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகின்றன. ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் வந்த சமிக்ஞையைக் கூட்டி வைத்து, ஒரு எல்லையைத் தாண்டினால் திரும்பி வர முடியாதபடி ஒரு விசையைத் திருப்பும் பகுதியை எழுதிப் பார்த்தேன். இரண்டு முறை எழுதியும் சரியாக வரவில்லை. விசை எங்கே திரும்ப வேண்டும் என்பதற்கு என்னிடம் அளந்த எண் எதுவும் இல்லை, நானாக வைத்ததுதான். அதனால் அந்தப் பகுதியை அணைத்து வைத்திருக்கிறேன்.

அடுத்த முறை விரிதாளைத் தொடவே மாட்டேன். அலகை முதல் வரியிலேயே பிகோமோலார் என்று வைத்துவிட்டு, பிழை எல்லையை அடுத்த வரியில் எழுதுவேன். உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் வரி மூன்றாவது. பச்சிளங்குழந்தையின் கல்லீரல் இந்த ரசாயனத்தைக் கட்டும் வேகம் குறைவு, அதற்கும் ஒரு பொத்தான் வேண்டும்.

புதுக் கோப்பை நேற்று திறந்தேன். ரசாயனத்தின் பெயர் இன்னும் அதில் வரவில்லை. எஸ்ட்ராடையால் அளவுகள் மட்டும் இருக்கின்றன, வயது வாரியாக.